நடுவில் ஒரு முழம்

பத்து வருடமாகத் துடியலூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் வீடியோக்கார ரசாக்கின் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள். தாலி கட்டியதைப் பார்த்தவன் ரசாக் ஒருவன்தான்.

தொண்ணூற்றாறில் ஒரு நாள், பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் பட்டறை வைத்திருந்த பாலுசாமி அவன் கடைப் படியேறினார்.

"ஏனுங்க பாய், எம் புள்ள பிரவீனா கல்யாணத்துக்குப் பெரிய திரை போடோணுமுங்க. மெட்ராஸ்காரன் கேக்கற வாடகைக்கு இன்னொரு கல்யாணமே பண்ணிப்போடலாம். நீங்க சல்லிசா ஏதாச்சும் பண்ணுங்க. நல்லா அகலமா இருக்கோணும். எங்கண்ணன் முழுசாத் தெரியோணும்."

இரண்டு வருடத்துக்கு முன் மூத்த மகள் கல்யாணத்தில் பந்திக்கூடத்தில் டிவி வைத்திருந்தார்கள். மேடை ஓரத்தில் நின்ற அண்ணன் தம்பிதுரை அதில் பாதிதான் விழுந்தார். ஒரு காது, ஒரு தோள், அவ்வளவுதான். ரசம் ஊற்றும் நேரத்தில் எவனோ ஒருவன், "பெரியவரை வெட்டிப்போட்டாங்களே" என்றான். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இருவர் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், முகம் பார்க்கவில்லை. அன்று கேமராவைப் பிடித்தது ரசாக்தான் என்பதைப் பாலுசாமி சொல்லவில்லை, ரசாக்கும் சொல்லவில்லை.

கேபிள் டிவி வந்து மூடிப்போன வீடியோ தியேட்டர்களில் ரசாக் இரண்டு பழைய புரொஜெக்டர் பிடித்தான். ஒன்று வால்பாறையிலிருந்து பஸ் கூரைமேல் வந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாங்கியது இதையும் தாங்கும் என்று நம்பினான். ஒரே பலகையில் இரண்டு கேமரா: ஒன்று மேடையின் இடப்பாதிக்கு, ஒன்று வலப்பாதிக்கு. இரண்டு படமும் திரையில் ஒட்டினாற்போல் விழும். திரைக்கு அவன் மனைவி உம்மல் குல்சும் வெளுத்த காடாத் துணியை இருபத்துநாலு அடிக்குத் தைத்துக்கொடுத்தாள்.

ஒத்திகைக்கு அவளே கேமரா முன் நடந்தாள். நடுவில் வந்ததும் திரையில் காணாமல் போனாள். பிறகு மறுபாதியில் வந்து சேர்ந்தாள்.

"ஏனுங்க, நடுவுல ஒரு மொழம் என்னையக் காணோமே?"

ரசாக்குக்கு அது தெரியும். கேமராக்களை உள்பக்கம் திருப்பினால் நடுவில் இருப்பவர் இரண்டு பேராகத் தெரிவார், ஓரமும் குறையும். இரண்டாகத் தெரிந்தால் ஊர் சிரிக்கும், தெரியாமல் போனால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று அவன் முடிவுகட்டியிருந்தான்.

"பொண்ணு ஒருபக்கம், மாப்பிள்ளை ஒருபக்கம். நடுவுல ஆரு நிக்கப்போறாங்க?"

"நிக்கற ஆளு உங்களைக் கேட்டுட்டா நிப்பாங்க?" என்றாள் குல்சும்.

முகூர்த்தத்தன்று மண்டபத்து ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடினார்கள். மேடைக்குப் பக்கத்தில் திரை தொங்கியது. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை ஒரு நொடி காணாமல் போய், தாலியோடு மறுபாதியில் முளைத்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. ரசாக் மனதுக்குள் தன் முதுகைத் தட்டிக்கொண்டான்.

தம்பிதுரை வந்திருந்தார். சொந்தக்காரர்கள் படத்துக்கு நிற்க, ஓரத்தில் இடமிருக்கிறது என்று அவருக்குக் கை காட்டினார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? நேராக நடந்து, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் நட்டநடுவில் நின்றார். ஒல்லி மனிதர். ஒரு முழத்துக்குள் கச்சிதமாக அடங்கினார்.

ஆயிரம் பேரும் திரையைத்தான் பார்த்தார்கள். அவர் மனைவி மாசாணியம்மாள் எழுந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க? போன தடவை பாதி, இந்தத் தடவை சுத்தமாத் தொடச்சுப்போட்டீங்களா?"

தம்பிதுரை திரையைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து உதறினார். அவர் துண்டை உதறினால் கிளம்பிவிடுவார் என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். பாலுசாமியின் முகம் செத்துப்போனது. ரசாக் இரண்டு கேமராவையும் பிடித்து உள்பக்கம் திருப்பினான்.

திரையில் ஒரு தம்பிதுரை வந்தார். பக்கத்திலேயே இன்னொருவர் வந்தார். மண்டபம் சிரித்தது. ரசாக் கண்ணை மூடிக்கொண்டான்.

தம்பிதுரை சோதித்துப் பார்ப்பதுபோல் கையைத் தூக்கினார். இருவரும் தூக்கினார்கள். துண்டைத் தோளில் போட்டார். இருவரும் போட்டார்கள்.

"எந்தம்பி ரெண்டு வருசத்துக்கும் சேத்துப் போட்டிருக்கறான்" என்று சொல்லிச் சிரித்தார். மாசாணியம்மாள் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ரசாக் ஓரத்தைப் பார்த்தான். அங்கே கும்பிட்டபடி நின்ற பாலுசாமிக்கு விரல்நுனி மட்டும்தான் படத்தில் விழுந்திருந்தது.

பந்தியில் நெய் ஊற்றிக்கொண்டிருந்த பாலுசாமியிடம் போய் நின்றான்.

"தப்பாப் போச்சுங்க. படத்துல நீங்களே இல்லீங்க."

"தெரியுமுங்க. திரையில பாத்தனே."

"ஒரு எட்டு உள்ள வந்திருந்தாப் போதுமுங்களே!"

"உள்ள வந்தா எனக்குத் திரை மறைஞ்சுபோகுமுங்க. எங்கண்ணன் சிரிக்கறது தெரியாது."

நெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு அண்ணன் இலைக்குப் போனார்.