அந்தப் பன்னிரண்டு அடி

1

இந்தக் கதை பரிமாறப்படாத ஒரு தட்டு இட்லியிலிருந்து பிறந்தது என்பதை எழுதுகிறவள் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறாள். அவள் பெயர் நிருபமா. ஒரு மென்பொருள் நிறுவனத்தில், எந்த வேலை எந்தப் பிரிவின் தலையில் விழும் என்று கட்டம் போட்டு எழுதித் தருவது அவளுடைய உத்தியோகம். கதை எழுதுவது சம்பளமில்லாத உத்தியோகம். இரண்டுக்கும் தெம்பு கொடுத்துக்கொண்டிருந்தது, ஈஜிபுராவில் பெட்ரோல் பங்கின் மதிலை ஒட்டியிருந்த ரூபினியின் இட்லிக் கடை.

ஆகஸ்டில் ஒரு காலை ரூபினி தட்டை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடாதீங்க மேடம். போர் தண்ணியில பெட்ரோல் வாசனை அடிக்குது. யாரும் சொல்லல. எனக்குத் தெரியுது."

அன்றைக்கே கடையை மூடினாள். மூடச் சொன்னவர் யாருமில்லை. தண்ணீர் சுத்தம் என்று காகிதம் வரும்வரை அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். கேன் தண்ணீர் வாங்கி நடத்தலாமே என்று நிருபமா கேட்டதற்கு, "பாத்திரம் எதுல கழுவறது? அரிசி எதுல களையறது?" என்றாள். பதினொரு வருஷத்துக் கடை அது.

2

முதல் தொடக்கம்: "எண்ணெய், எரிவாயு சார்ந்த பணிகளின் மேற்பார்வையை அரசுத் துறைகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தை ஆராயப் புகுந்தால்..."

(நிறுத்தப்பட்டது. ரூபினி கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரைவையும் நிருபமா அவளுக்குப் படித்துக் காட்டுகிறாள். இந்த வாக்கியம் முடிவதற்குள் ரூபினி கொட்டாவி விட்டாள்.)

இரண்டாவது தொடக்கம்: "கண்ணீரும் பெட்ரோலும் கலந்த கிணற்றின் ஓரத்தில் அந்த அபலைப் பெண்..."

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் ரூபினி. "கிணறு வேற எங்க இருக்குது? போர்தானே."

அந்த வாக்கியமும் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் இப்போது படித்துவிட்டு வந்தீர்கள்.

3

ரூபினி மனுப் போட்டாள். மூன்று ஆபீசிலிருந்து ஆள் வந்தார்கள். (அந்த ஆபீஸ்களின் முழுப் பெயரை எழுதினால் பாதிப் பக்கம் போய்விடும். ரூபினி வைத்த பெயர்களே இங்கே இருக்கட்டும்.)

முதல் வாரம் அளவு ஆபீஸ் வெங்கி. ஐந்து லிட்டர் பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது, பம்பின் முத்திரையும் சரியாக இருந்தது. 'எங்கள் பகுதியில் குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வாரம் வெடி ஆபீஸ் க்ளென். பூமிக்கடியில் இருக்கும் டேங்கைச் சோதித்தார். 'எங்கள் பகுதியில் குறை இல்லை.' மூன்றாம் வாரம் மாசு ஆபீஸ் சுப்ரியா. ரூபினியின் குழாயில் பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீரில் பெட்ரோல் இருப்பது உண்மை என்றும், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது தங்கள் பகுதி அல்ல என்றும் எழுதினார்.

இந்த இடத்தில் நிருபமாவுக்கு அவசரமாக ஒரு வில்லன் தேவைப்பட்டார். 'க்ளென் கடமைக்கு எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்' என்று எழுதிப் படித்துக் காட்டினாள்.

"ஐயோ பாவம் மேடம். வெயில்ல மூணு மணி நேரம் குந்தினு இருந்தாரு. தண்ணி கூட கேக்கல. கேட்டிருந்தாலும் எந்தத் தண்ணிய குடுப்பேன்?"

வில்லன் வரியை அடித்தாயிற்று. மூன்று பேரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள். மூன்று கடிதங்களும் சத்தியம். தண்ணீர் மட்டும் நாறிக்கொண்டிருந்தது.

(பக்கத்தின் அடியில் போட வேண்டிய குறிப்பு: நிருபமாவின் கட்டங்களில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெயர் இருக்கும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஓடும் கோட்டை யார் பார்த்துக்கொள்வது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.)

மூன்று பேரும் சேர்ந்து வந்து பார்த்தால் என்ன என்று ரூபினி மறுபடி மனுப் போட்டாள். மூன்று ஆபீசும் மூன்று வெவ்வேறு தேதி கொடுத்தன.

3-க்கும் 4-க்கும் நடுவில்

(இதற்கு எண் கிடையாது. கதை நடந்தது இங்கேதான்.)

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஊரில் எல்லா ஆபீசிலும் ஜீப்புக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வருவார்கள். ரூபினி அதற்கு முன்பே மூன்று ஆபீசுக்கும் நேரில் போனாள். மனுவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"பூஜை போட்ட ஜீப்ப முதல் ரவுண்டு எங்க பங்குக்குக் கொண்டாங்க சார். பூசணிக்கா நான் ஒடைக்கிறேன்."

ஆய்வுக்கு மூன்று தேதி கொடுத்தவர்கள் பூஜைக்கு ஒரே தேதியில் வந்தார்கள். பதினோரு மணிக்குச் சாமந்தி மாலையோடு மூன்று ஜீப்பும் நின்றன. பங்கின் மேனேஜர் கோவிந்தப்பா எல்லோருக்கும் கடலேபுரி என்கிற பொரிப் பொட்டலம் கொடுத்தார். இறங்கியவர்கள் பழக்கதோஷத்தில் அவரவர் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்கள்: வெங்கி பம்பின் அருகில், க்ளென் டேங்க் மூடியின் அருகில், சுப்ரியா ரூபினியின் போர் இருக்கும் மதில் ஓரமாக. பம்புக்கும் டேங்குக்கும் நடுவே பன்னிரண்டு அடி. கையில் பூசணிக்காயோடு ரூபினி அந்த நடுவில் நின்றாள்.

"சார், இந்த ஜாகா யாருது?"

"எந்த ஜாகா?" என்றார் வெங்கி.

"நான் நிக்கற ஜாகா. கீழ பைப் போகுதில்ல."

"அது டேங்க்கோட சேர்த்தி. க்ளென் சார் பாத்திருப்பார்."

"நான் பம்போட சேர்த்தின்னு நினைச்சேன்," என்றார் க்ளென், மெதுவாக.

சுப்ரியா கடலேபுரி மெல்வதை நிறுத்தினார்.

(முதல் வரைவில் 'இந்த ஜாகா யாருது' என்ற கேள்வியை நிருபமா தானே கேட்டதாக எழுதியிருந்தாள். "நீங்க அப்ப ஆபீஸ்ல இருந்தீங்களே மேடம்" என்றாள் ரூபினி. கோபமில்லாமல்தான் சொன்னாள். அது இன்னும் வெட்கமாக இருந்தது.)

4

பூசணிக்காயை நிருபமா விட மனமில்லாமல் இப்படி எழுதினாள்: ரூபினி அதை ஓங்கிப் போட, சிதறிய நீர் தரையில் ஒரு விரிசலைத் தேடி ஓடி உள்ளே இறங்க, மூவரும் மூச்சடக்கிக் குனிந்து...

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. யாராவது வழுக்கி விழுந்துருவாங்கன்னு கோவிந்தப்பா உடனே பெருக்கிட்டாரு."

நடந்தது இவ்வளவுதான். கோவிந்தப்பா அந்தப் பம்பை நிறுத்தினார். சுப்ரியா கவுண்டரில் உட்கார்ந்து, இடத்தைப் பார்த்ததற்கான கூட்டு மகஜர் எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சம்பந்தப்படாத சாட்சி ஒருவர் வேண்டும் என்றதற்குப் பஞ்சர் கடைக்காரர் பிரகாஷ் வந்து போட்டார். ரூபினி போட முன்வந்தபோது, "நீங்க சம்பந்தப்பட்டவங்கம்மா, செல்லாது" என்றார் சுப்ரியா. விடுமுறை முடிந்ததும் தோண்டினார்கள். பம்பிலிருந்து ஏழாவது அடியில் குழாயின் இணைப்பு பெட்ரோலில் நனைந்திருந்தது. மாற்றினார்கள். அந்தப் பன்னிரண்டு அடி மூன்று ஆபீசின் பட்டியலிலும் ஏறியது. இப்போது ஒருவருக்கு மூவராக அதைப் பார்க்கிறார்கள்.

நிருபமாவுக்கு இதில் பெரிய சந்தோஷம். வில்லன் இல்லாமலே ஒரு கதை நடந்திருக்கிறது.

5

ஆனால் மண் குடித்த பெட்ரோல் உடனே போய்விடுமா? போரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். சுப்ரியா இரண்டு தரம் பாட்டில் பிடித்தார், இரண்டு தரமும் இன்னும் சுத்தமில்லை என்றே பதில் வந்தது. மூன்றாவது பாட்டிலுக்கான பதில் இன்று மத்தியானம் வந்தது. கவர் ஒட்டியபடியே இருக்கிறது. உள்ளே இங்கிலீஷில் இருக்கும் என்பதால் ரூபினி நிருபமாவைக் கடைக்கு வரச் சொல்லி அதை அவளிடம் கொடுத்தாள். போரிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

முடிவு ஒன்று: தண்ணீர் சுத்தம். முடிவு இரண்டு: இன்னும் சில மாதம். நிருபமா இரண்டையும் எழுதிப் படித்துக் காட்டினாள். இரண்டும் ஓரளவு நன்றாகவே வந்திருந்தன.

"ரெண்டும் நீங்க எழுதினது. கவர்ல இருக்கறது சுப்ரியா மேடம் எழுதினது" என்றாள் ரூபினி. தம்ளரை மோந்து பார்த்தாள். "எனக்கு வாசனை வரல. ஆனா ஏழு மாசமா வரக்கூடாது வரக்கூடாதுன்னு மோந்து மோந்து, என் மூக்க நானே நம்பறதில்ல இப்ப. நீங்க பாருங்க."

நிருபமாவும் மோந்து பார்த்தாள். வாசனை இல்லை. ஆனால் அந்த இட்லிக்காக ஏழு மாதமாக ஏங்கிக் கிடக்கும் மூக்கு அது. அதுவும் சம்பந்தப்பட்ட மூக்குதான்.

ஆகவே சம்பந்தப்படாத சாட்சி ஒருவர் வேண்டும். ரூபினியின் இட்லியை இதுவரை சாப்பிடாதவர், இதற்குள் நடந்தது முழுவதும் தெரிந்தவர். உங்களைத் தவிர யாரும் இல்லை.

தம்ளர் மேஜையின் இந்தப் பக்கம், கவர் அந்தப் பக்கம். கடையின் ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. ரூபினி பெரிய குண்டானில் அரிசியை அளந்து போட்டிருக்கிறாள், அறுபது பேருக்கு. உளுந்து தனியாக. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள். தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

கவரைப் பிரியுங்கள்.