ரீடிங்

“ரீடிங்!”

வீட்டு வாசல்களில் நின்று இந்த ஒரே வார்த்தையைச் சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார் மீட்டர்காரர். கதவு திறக்கும். மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக் கைக்கருவியில் ஏற்றுவார். அப்புறம் அடுத்த வீடு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயமோ என்னவோ! அலுவலகத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். காதில் விழும்படியே கூப்பிடுவார்கள். அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. ஒற்றை அறை, ஒரு கட்டில், கட்டிலுக்கடியில் புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் பண்ணுவாள்.

“சாப்பிட்டியாண்ணே?”

“ம்.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“ம்.”

“அந்தப் புத்தகத்துகிட்டயாவது பேசுவியா?”

அதற்கு அந்த ‘ம்’மும் வராது.

படிப்பென்றால் அவருக்கு உயிர். ஆனால் அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்வி வந்தால் போச்சு, கையும் ஓடாது, காலும் ஓடாது. நூலகத்தில் அலமாரி அலமாரியாக நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் எத்தனையோ. நூலகரைக் கேட்டால், “எதையாவது எடுங்க சார், எல்லாம் புத்தகம்தானே” என்பார். எல்லாம் புத்தகம்தானாம்! இப்படிச் சொல்கிறவரை என்ன செய்வது?

அவருக்கு வழி காட்டியது ஒரு வீடுதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் மீட்டர், அதற்குக் கீழே ஒரு ஸ்டூல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டூலில் ஒரு பச்சை அட்டைப் புத்தகம் கிடந்தது. தலைப்பை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து, நூலகத்தில் தேடி எடுத்துப் படித்தார். இரண்டு நாள் தூக்கம் போயிற்று. அவ்வளவு நல்ல புத்தகம். இரண்டு மாதம் கழித்துப் போனால் ஸ்டூலில் வேறொன்று. அதையும் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஆறு புத்தகம், ஒன்றுகூடச் சோடை போகவில்லை. ஒருமுறை தேனீ வளர்ப்புப் புத்தகம் இருந்தது. வீட்டில் தேனீயும் இல்லை, வளர்க்க இடமும் இல்லை. இருந்தாலும் அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தார். ஒரு நீல அட்டை நாவல் மூன்று தடவை ஸ்டூலில் இருந்தது. அடடா, நமக்குப் பிடித்ததே அந்த வீட்டு அம்மாவுக்கும் பிடித்திருக்கிறதே என்று பூரித்துப்போய் அவரும் மூன்று தடவை படித்தார்.

கதவைத் திறக்கும் அந்த அம்மாவை அவர் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு மனசுக்குள் அந்த அம்மாவோடு பேசாத நாள் இல்லை. ‘இந்த இடத்தைப் பாத்தீங்களாம்மா?’ என்பார். உலகத்தில் அவருக்கு இருந்த துணை அது ஒன்றுதான்.

அதற்கும் வந்தது கேடு. புது மீட்டர் மாட்டப் போகிறார்கள். அது ரீடிங்கைத் தானே அனுப்பிவிடுமாம். நாளையிலிருந்து அவருக்கு ஸ்டோர் ரூமில் வேலை. இன்றைக்கு விட்டால் அந்த வீட்டுப் படியேற இனி ஒரு காரணமும் கிடையாது. காலையிலிருந்து ஒரு வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டே வந்தார்: ‘அம்மா, இனிமே நான் என்ன படிக்கிறது?’

கதவு திறந்தது. ஸ்டூலில் மறுபடியும் அந்த நீல அட்டை. எண்ணை ஏற்றினார். உருப்போட்டதைச் சொல்லாமலே வாசலுக்குத் திரும்பிவிட்டார்.

“தம்பி, இனிமே வர மாட்டீங்களாமே?” என்றார் அந்த அம்மா.

“ம்.”

“அப்ப நானே கேட்டுடறேன். இந்த நீலப் புத்தகத்துல அப்படி என்ன இருக்கு?”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்க... படிச்சதில்லையா?”

“எனக்கு ஏது படிப்பு? பஸ் நம்பர் பாப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதெல்லாம் எங்க வீட்டுக்காரரோடது. அவர் போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு.”

மீட்டர்காரருக்கு நெஞ்சு காலியாகிவிட்டது. பதினோரு வருஷமாக மனசுக்குள் பேசியதெல்லாம் யாரிடம்?

“ஸ்டூல்ல ஒருநாள் சும்மா கிடந்ததை நீங்க உள்ளங்கையில எழுதிக்கிட்டீங்க. ஓகோ, படிக்கிறவர்னு தெரிஞ்சுபோச்சு. அதுலேருந்து நீங்க வர்ற நாளுக்கு ஒண்ணொண்ணா எடுத்து வெச்சேன். படிச்சுட்டு வந்து அதுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க ‘ரீடிங்’னு மட்டும்தான் சொன்னீங்க.” அந்த அம்மா நீல அட்டையைக் கையில் எடுத்தார். “இதைப் படிச்ச அன்னிக்கு அவர் அழுதாரு. முப்பத்தெட்டு வருஷத்துல அந்த ஒரு தடவைதான் அழுது பாத்தேன். ஏன்னு கேட்டேன். சொல்லல. அதான் இதை மட்டும் திரும்பத் திரும்ப வெச்சேன்.”

வரிக்கு வரி தெரியும் மீட்டர்காரருக்கு. மூன்று தடவை படித்தவராயிற்றே! ஆனால் படித்ததை வாய்விட்டுச் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

“நல்லா இருந்துச்சும்மா” என்றார்.

“அவரும் அதான் சொல்வாரு” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா புத்தகத்தை மறுபடி ஸ்டூலில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மீட்டர்காரர் கேட் வரைக்கும் வந்துவிட்டார். அதற்குமேல் கால் நகரவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார். இந்தத் தடவை ‘ரீடிங்’ என்று சொல்லவில்லை.

“அது ஒரு ரயில் கார்டோட கதைம்மா” என்றார் கதவு திறந்ததும். “அவன் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்துல. தினமும் ரயில் வீட்டைத் தாண்டும்போது கொடியை ஒரு தடவை கூடுதலா அசைப்பான். பொண்டாட்டிக்காக. அவ சன்னல்ல நின்னு பாப்பா. ஆனா அதை அவன் வேலைன்னு நெனச்சுக்கிட்டா. தனக்காகத்தான்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவனும் சொல்லல.”

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த இடத்துல நானும் அழுதேன்மா.”

“சொல்லியிருக்கலாம்ல?” என்றார் அந்த அம்மா. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்மா.”

அந்த அம்மா ஸ்டூலிலிருந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். காலியான ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க தம்பி. முதல்லேருந்து சொல்லுங்க. அந்தப் பச்சை அட்டையிலேருந்து.”

தெருவில் இன்னும் பதினாலு வீடு பாக்கி இருந்தது. அன்றைக்கு அங்கெல்லாம் யாரும் ரீடிங் எடுக்க வரவில்லை.