வள்ளல் வந்த காலை

அன்று காலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: என் அக்கா, கட்டிலில் அத்தான், நான், டைரக்டர், கையில் அட்டையோடு எதையோ டிக் அடித்துக்கொண்டே இருந்த ஒரு பெண், கேமராக்காரர், காதில் ஹெட்போன் மாட்டிய சவுண்டுக்காரர், விளக்கு தூக்க இரண்டு பேர். பதினொன்றே காலுக்கு மேல், வள்ளல். பத்துக்குப் பன்னிரண்டு அறை அது. நடுவில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றும் இருந்தது. அதையும் ஒரு ஆளாகச் சேர்க்கலாம். வந்ததில் எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அத்தான் இருபத்திரண்டு வருஷம் கிரானைட் அறுத்தவர். அறுத்த கல்லெல்லாம் யார் யார் வீட்டிலோ தரையாகக் கிடக்கிறது. தூள் மட்டும் அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் வீட்டில் இருந்தால்தான் டிஸ்சார்ஜ் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மெஷினை வாங்க அக்கா தையல் கம்பெனியில் ஒரு வருஷம் காலர் தைக்க வேண்டும், அதுவும் சாப்பிடாமல்.

இந்த டிவி நிகழ்ச்சிக்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆள் பிடிக்கிறவர்கள். ஒரு பணக்காரர் பழைய சட்டை போட்டுக்கொண்டு தெருவில் யாரோ மாதிரி வந்து உதவி கேட்பார். பிறகு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, உதவி செய்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே பார்த்து மூக்கைச் சிந்தும். போன மாதம் அந்த அட்டைப் பெண் வந்து அக்காவிடம் சொன்னாள்.

"அடுத்த வாரம் கிழிஞ்ச சட்டையில ஒருத்தர் வந்து தண்ணி கேட்பாரு. கொடுத்துடுங்க."

"தண்ணி கேட்டா கொடுக்காம என்ன பண்ணுவோம்?"

"கொடுத்துட்டு சில பேர் உள்ள போயிடறாங்க. நீங்க நின்னு நாலு வார்த்தை பேசணும். அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். யாரு?"

அவர் யாரென்று அந்தப் பெண் சொன்னாள். அடுக்குமாடி கட்டி விற்கிறவர். சொல்லிவிட்டு, "இப்ப தெரியாத மாதிரி இருங்க" என்றாள்.

சொன்னபடி வந்தார். சட்டை கத்தரிக்கோலால் கிழிக்கப்பட்டிருந்தது. கிழிசல் அத்தனை நேராக இருந்தது. அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். உதட்டை மட்டும் நனைத்துவிட்டு வைத்துவிட்டார். எங்கள் குழாய்த் தண்ணீர் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை போல.

அப்புறம் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். மெஷின் கொடுக்கிற நாள் முடிவானதும் அக்காவுக்கு ஒரே கவலை. "நாலு பேர் பார்க்கப் போறாங்கடா. சுவரு இப்படியா இருக்கும்?" என்றாள். நான் குளிர்சாதனக் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட். நாலு நாள் காலையில் வேலை முடிந்து வந்து, மத்தியானம் வரைக்கும் சுவரைச் சுரண்டி வெளிர்நீலம் அடித்துவிட்டுப் படுத்தேன். எதிர்வீட்டில் திரைச்சீலை இரவல் வாங்கினோம். மூன்று நாற்காலியும் வந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் வேறு எப்படி இருப்பது?

அன்று காலை எட்டு மணிக்கு டைரக்டர் உள்ளே வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார்.

"இதை யாரு பண்ணது?"

நான் பெருமையாக, "நான்தான் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் கேட்டார். "போட்டோவில இருந்த வீடு எங்க?"

"இதான் சார்."

"பார்க்கிறவன் இவங்களுக்கு என்ன குறைச்சல்னு கேட்க மாட்டானா?"

நாற்காலிகள் எதிர்வீட்டுக்கே திரும்பிப் போயின. திரைச்சீலையைக் கழற்றினார்கள். இதற்கு நடுவில் ஆம்புலன்சில் அத்தான் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். "பன்னெண்டு மணி வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள மெஷினை மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

டைரக்டர் அக்காவிடம் பால் இல்லாமல் எட்டு டம்ளர் டீ கேட்டார், நல்ல ஸ்ட்ராங்காக. வந்தவர்களுக்கு என்று நினைத்து அக்கா இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். விளக்குத் தூக்குகிறவர் ஒரு டம்ளரில் ஸ்பாஞ்சை முக்கி என் சுவரில் தேய்த்தார். மேலிருந்து கீழே, மழைநீர் ஒழுகின மாதிரி. கைதேர்ந்த வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான்," என்றார் அத்தான், இரண்டு மூச்சுக்கு நடுவில். "உன் சுவருக்கு... டீ கொடுக்கிறாங்க. பன்னு உண்டான்னு கேளு."

பெட்டியை இப்போதே பிரித்துவிடலாமே என்று நான் கேட்டேன். "சார்தான் பிரிக்கணும்" என்றாள் அட்டைப் பெண். சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, குழாயைப் போர்வைக்குள் மறைக்கச் சொன்னாள். "அவருக்கு ஏற்கெனவே காத்து வந்துட்டிருந்தா சார் கொடுக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று என்னையே கேட்டாள். நல்ல பெண்தான். அவளுக்கும் அதற்குத்தான் சம்பளம்.

ஒருவன் கொடுக்கிறான் என்றால் கொடுத்துவிட்டுப் போகட்டும். வாங்குகிறவன் முகத்தை எதற்கு இத்தனை கிட்டத்தில் காட்ட வேண்டும்? நாங்கள் அழுதால்தான் அவர் நல்லவர் என்று ஊருக்குத் தெரியுமாம். அவர் நல்லவராவதற்கு எங்கள் சுவர் ஒழுக வேண்டும், அத்தான் மூச்சுத் திணற வேண்டும். இதற்குப் பெயர் தர்மம் என்றால் வியாபாரத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

பதினொன்றே காலுக்கு வள்ளல் வந்தார். அந்த நிகழ்ச்சியில் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியுதே. அன்னைக்குத் தண்ணியை உதட்டுல தொட்டுட்டு அப்படியே வெச்சிட்டுப் போனீங்களே."

"கட்" என்றார் டைரக்டர்.

இரண்டாவது தடவை அக்கா சரியாகச் சொன்னாள், ஆனால் அழவில்லை. மூன்றாவது தடவைக்குக் கண்ணில் ஏதோ சொட்டு விட்டார்கள். பலித்தது. வள்ளல் புதுக் கத்தியால் பெட்டியைக் கிழித்தார். மெஷினைச் சுவர் பிளக்கில் மாட்டி ஓடவிட்டார்கள். சிலிண்டர் குழாயை எடுத்துவிட்டு மெஷின் குழாயை நான் அத்தான் மூக்கில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் நகக்கண்ணில் நீலம் குறைந்தது.

"சாரோட கட்டடத்துக்கு... நான் கல் அறுத்திருப்பேன்" என்று அத்தான் என் காதில் சொன்னார். "கேட்டுப் பாரு."

வள்ளல் பேச ஆரம்பித்தார். "கொடுப்பது நானல்ல..." சவுண்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"சார், மெஷின் இரையுது. பேச்சுக்கு அடியில விடாம வருது."

"ஆஃப் பண்ணுங்க" என்றார் டைரக்டர்.

விளக்குக்காரர் சுவிட்சைத் தட்டிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பழைய சிலிண்டர் குழாயை மாட்டினேன். சிலிண்டரின் அளவு முள் சிவப்பைத் தொட்டிருந்தது. வள்ளல் முதல் தடவை ‘கருணை’ என்ற இடத்தில் தடுக்கினார். இரண்டாவது தடவை முழுசாகச் சொன்னார், ஆனால் கோட்டுக் காலர் மடங்கியிருந்தது. மூன்றாவதற்கு அவர்கள் காலரை நீவிக்கொண்டிருந்தபோது கட்டிலுக்கு அடியில் சிலிண்டர் சத்தம் நின்றது.

"சார், காத்து தீர்ந்துடுச்சு" என்றேன்.

"ஒரே ஒரு டேக் தம்பி."

அத்தானைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. ஜோக் எதுவும் வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அக்கா யாரிடமும் எதுவும் கேட்காமல் போய் சுவிட்சைப் போட்டாள், குழாயை மாற்றினாள். மெஷின் இரைய ஆரம்பித்தது.

வள்ளலுக்குக் கோபமே வராது. மென்மையாகச் சொன்னார். "அம்மா, ஒரு நிமிஷம்தானேம்மா."

"நீங்க ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிச்சிட்டு நில்லுங்க" என்றாள் அக்கா. "கடிகாரத்தை நான் பார்க்கிறேன்."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. விளையாட்டுப் போல அவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். அறையில் ஒரு சத்தம் இல்லை, மெஷினைத் தவிர. இருபத்தாறாவது விநாடியில் விட்டுவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"முடியலையே" என்றார்.

"நீங்க நல்ல நுரையீரல்காரர். அதுக்கே முடியலை."

கேமராக்காரர் தன் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். அட்டைப் பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "படம் முழுசா முடியலைன்னா பொருள் திரும்ப வண்டிக்குப் போயிடும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க அக்கா."

போட்டிருந்தோம். பதினொரு பக்கம். அத்தானை வீட்டுக்குக் கூட்டிவரும் அவசரத்தில் யார் படித்தது? விளக்குக்காரர்கள் இரண்டு பேரும் மெஷின் பக்கம் ஒரு அடி வைத்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். என்னால் அதற்குமேல் ஒன்றும் யோசிக்க முடியவில்லை.

டைரக்டர் இரண்டு கையையும் விரித்தார். "சண்டை வேண்டாம். வாசல்லேர்ந்து ஒரே ஷாட்டா எடுத்துடலாம். சார் தட்டுவாரு, நீங்க திறப்பீங்க, அழுவீங்க. உள்ள வந்து மெஷினை ஆஃப் பண்ணிட்டு சார் பேசுவாரு. ரெண்டே நிமிஷம், நாங்க கிளம்பிடுவோம்."

அக்கா கொஞ்ச நேரம் அத்தானையே பார்த்தாள்.

"கேமரா எங்க இருக்கும்?"

"வெளிய. சார் பின்னாடியே உள்ள வரும்."

"சவுண்டு அண்ணன்?"

"அவரும்தான்."

"மத்தவங்க?"

"உள்ள ஒருத்தரும் தெரியக் கூடாதும்மா. எல்லாரும் வெளியதான்."

"சரிங்க" என்றாள் அக்கா. "டேய், அந்தப் பெரிய விளக்கைக் கழற்றி அவங்க கையில கொடு. ஒயரையும் சுத்திக் கொடு."

கொடுத்தேன். ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். அட்டைப் பெண்ணின் பையை அக்காவே எடுத்து நீட்டினாள். கடைசியாக வள்ளல். படியில் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார்.

"அவசரமில்லம்மா. நல்லா டைம் எடுத்துக்கிட்டு அழுங்க."

"ஆகட்டுங்க."

அக்கா கதவைச் சாத்தினாள். வெளியே டைரக்டர் "ரோலிங்" என்றார். வள்ளல் மூன்று தடவை, பக்குவமாகத் தட்டினார். அக்கா மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ் தாழ்ப்பாளைப் போட்டாள், பூட்டில் சாவியை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினாள்.