ஏற்றத்தில் அணைந்த வண்டி

கண்ணுகளா, மலை வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றிப் போவது அக்காவின் பிழைப்பு. நான்கு சக்கரமும் இழுக்கும் அவளுடைய பழைய வண்டிக்குத் தம்பிதான் மெக்கானிக். கிளட்ச் மாற்றக் கொடுத்த இடத்தில், கேட்காமலே ஒரு வேலை பார்த்துவிட்டான். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புத் தட்டைக் கழற்றி, பாதி எடைகூட இல்லாத ஒன்றை மாட்டினான்.

“தொட்டாலே சீறும்க்கா!”

“சிலிண்டர் போடப் போறேன்டா, பந்தயத்துக்கா போறேன்?”

வெள்ளோட்டம் பார்க்க அவனும் ஏறிக்கொண்டான்.

செங்குத்தான ஏற்றத்தில் லாரிக்கு வழிவிட்டு நின்றார்கள். பிறகு, எப்போதும்போல் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டாள். பழைய தட்டின் கனம் எஞ்சினை அணைய விடாது. அவள் கால் அதற்குப் பழகியிருந்தது. புதியது தாங்கவில்லை. எஞ்சின் அணைந்தது. வண்டி பின்னால் நழுவியது.

பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் அணைந்ததில் அது முழுதாகப் பிடிக்கவில்லை. சிலிண்டர்கள் டணங் டணங்கென்று இடித்தன. பின்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம்.

“ஹேண்ட்பிரேக்கப் போடுக்கா!”

“போட்டாச்சுடா. நிக்கலையே!”

தம்பி குதித்தான். கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான். அதற்குள் வண்டி இன்னும் நான்கு விரற்கடை இறங்கியது.

“அக்கா... சட்டைக் கை மாட்டிக்கிச்சு. டயருக்கு அடியில.”

“கிழிச்சிட்டு வாடா!”

“முடியல. அசைக்காதக்கா. கல்லு வழுக்குது.”

கண்ணுகளா, கிளட்சை மிதித்துக் கிளப்பினால், பிரேக்கிலிருந்து கால் மாற்றுவதற்குள் மறுபடி நழுவும். கண்ணாடியில் தம்பியின் செருப்பு மட்டும் தெரிந்தது.

“டேய், பேசிக்கிட்டே இரு.”

“என்னத்தப் பேச?”

“எதையாவது பேசுடா, குரங்கே!”

முதல் கியருக்குத் தள்ளினாள். மெதுவாக இழுக்க வைக்கும் சின்ன லிவரையும் போட்டாள். கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டாள். கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பினாள்.

எஞ்சினோடு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டிய ஸ்டார்ட்டர் முக்கியது. சத்தம் இழுத்துக்கொண்டே போனது. எஞ்சின் பிடித்தது, இரண்டு பிரேக்கையும் விட்டாள். ஒரு குலுக்கு. வண்டி முன்னால் ஊர்ந்தது.

கண்ணாடியில் செருப்பைக் காணோம்.

மேலே சமதரையில் நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. யாரோ ஓடிவரும் சத்தம். கதவு திறந்தது. தம்பிதான், சட்டையின் ஒரு கை கந்தல், முழங்கையில் சிராய்ப்பு.

“இன்னைக்கே கழட்டிடறேன்க்கா.”

அவள் அவன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இறங்குக்கா.”

“முடியலடா. கால் வரல.”

அவன் குனிந்தான். பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்த அவள் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, மெல்லத் தூக்கி எடுத்தான்.