படிக்கக் கூடாத புதன்கிழமை

குற்றவாளி நான்தான். சரஸ்வதி பூஜையன்று காலை, மாடி அறைப் பெண் இட்ஸெல் குளிக்கப் போயிருந்த நேரத்தில், எங்கள் கூடத்து மேஜையில் இருந்த அவள் லேப்டாப்பை எடுத்துப் பூஜையில் வைத்தேன். எங்கள் வீட்டுப் புத்தக அடுக்கு அந்த வருஷம் மின்விசிறியை இடித்துக்கொண்டு நின்றது; அதன் உச்சியில் ஏறி நின்றால் மெரினாவில் யார் சுண்டல் தின்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அத்தனை புத்தகத்துக்கு நடுவே ஒரு லேப்டாப் இருந்தால் சரஸ்வதிக்கும் மாறுதலாக இருக்குமே என்ற நல்லெண்ணம்தான். என் மனைவி காமாக்ஷி ஒரு யானைக்குப் போதுமான சந்தனத்தை அதன் முதுகில் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள்.

இட்ஸெல் மெக்சிகோவில் புவெப்லா என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சி படிப்பவள். படிப்பு முடிய வேண்டுமானால் வெளிநாட்டில் மூன்று மாதம் பாடம் நடத்த வேண்டும். அதற்காக மயிலாப்பூரில், தமிழும் ஆங்கிலமும் பாதிப் பாதியாகச் சொல்லித்தரும் ஒரு பள்ளிக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு. ஆங்கிலப் பாதி அவளுடையது. தமிழ்ப் பாதியில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள்; கொஞ்சம் பேச மட்டும் வந்துவிட்டது.

குளித்துவிட்டு வந்தவள் லேப்டாப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சி அறிக்கையில் முப்பத்தொன்பது பக்கம் முடிந்து ஒரே ஒரு பக்கம் பாக்கி. ‘இந்த வகுப்பறை உங்களை என்ன செய்தது?’ என்ற கேள்விக்குப் பத்து நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். அங்கே புதன்கிழமை நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். நமக்கு அது வியாழன் காலை பதினொன்றரை. தவறினால் மூன்று மாதமும் வீண். வேறு ஏதாவது ஊரில் மறுபடி முதலிலிருந்து.

“இன்னிக்குப் படிக்கப்டாது, எழுதப்டாது, வெச்சதை எடுக்கவும் படாது” என்றாள் காமாக்ஷி. அப்புறம் என் பக்கம் திரும்பி அவள் சொன்னவை தரமணி வரைக்கும் கேட்டிருக்கும், இங்கே எழுதுவதற்கில்லை.

ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவளே இளகிவிட்டாள். “சரஸ்வதியும் டீச்சர்தானே, அவளுக்குத் தெரியாதா? எடுத்துண்டு போம்மா.”

இட்ஸெல் தலையை ஆட்டி மறுத்தாள். “பிராமிஸ், ஆன்ட்டி. முப்பத்தொண்ணு பசங்க.”

விஷயம் இதுதான்: முந்தின நாள் வகுப்பே எழுந்து நின்று, நாளைக்கு யாரும் படிக்கக் கூடாது, மிஸ்ஸும் படிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறது. அவளும் சிரித்துக்கொண்டே கையடித்துக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் பூஜை முடிந்து, பீர் முஹம்மதுவின் ஆட்டோ வாழைக்கன்றும் சாமந்தியுமாக நின்றது. என்னையும் இட்ஸெலையும் கண்டதும் அவர் பொரிப் பொட்டலத்தை நீட்டினார். “இன்னா சார், பொண்ணு டிகிரியப் புட்ச்சி சாமிகிட்ட மாட்டிவுட்டியாமே? குந்து, ரெண்டு பேரையும் ஒரு ரவுண்டு இட்டுனு போறேன்.”

பின்சீட்டில் எங்களுக்கு நடுவில் அவர் மகள் ஜுவேரியா ஏறிக்கொண்டாள். இட்ஸெலின் வகுப்புதான், எட்டு வயது. சத்தியம் வாங்கியதில் முதல் கை அவளுடையதாம். மிஸ் எதையாவது படிக்கிறாளா என்று வழி முழுக்கக் கண்காணிப்பு.

இட்ஸெல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். நானும் மூடிப் பார்த்தேன். அடடா! அப்படிப் பார்த்தால் மாடவீதியில் எழுத்தே கிடையாது. பெயர்ப் பலகைகள் எல்லாம் வெறும் மஞ்சளும் சிவப்புமாகக் காற்றில் மிதந்தன. பேருந்துகள் மாலைகளுக்குள் முகம் புதைத்து, எந்த ஊருக்குப் போகிறோம் என்பதையே மறந்துபோய் நின்றன. குளத்தில் கோபுரம் தலைகீழாக ஆடியது. நடுத்தெருவில் உடைத்த பூசணிக்காய்களின் குங்குமத்தில் சக்கரங்கள் சிவந்து, ஆட்டோ தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் போனது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

தெற்கு மாடவீதியில் வண்டிகள் நெருக்கியடித்துக் கொஞ்ச நேரம் நின்றன. அப்போது இட்ஸெலின் உதடு மெல்ல அசைந்தது.

“நாட்டு மருந்து... மற்றும்... பூஜைப் பொருட்கள்.”

“மிஸ், படிச்சிட்டீங்க” என்றாள் ஜுவேரியா.

“நான் படிக்கலை. கண்ணு...” இட்ஸெல் பாதியில் நிறுத்தினாள். அந்தப் பலகையில் ஆங்கிலம் ஓர் எழுத்துகூட இல்லை. யாரும் அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கடைசி பெஞ்சில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு வெறுமனே உட்கார்ந்திருந்ததில், எப்போதோ, அவளுக்கே தெரியாமல் அது உள்ளே போயிருக்கிறது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கண்ணை இறுக்கினாலும் இமைக்குள் நுழைந்து வந்தன: பாத்திரக் கடை, பல் மருத்துவர், இங்கே குப்பை கொட்டாதீர். ஒவ்வொன்றுக்கும் ஜுவேரியா விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். நாற்பத்தேழு குற்றம். இட்ஸெல் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

“சத்தியம் போச்சா?” என்று கேட்டாள் கடைசியில்.

ஜுவேரியா பொரியை மென்றபடி யோசித்தாள். “தானா வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க, மிஸ்?”

வியாழன் காலை ஐந்து மணிக்கே காமாக்ஷி மறுபூஜை செய்து, அடுக்கை நகர்த்தி, லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தாள். பத்து நாள் வராத பக்கம் ஒரே மூச்சில் வந்தது. சந்தன வாசனைக்கு நடுவில் இட்ஸெல் தட்டிய வேகத்தில் எங்கள் வீட்டுப் பல்லிகள் இடம் மாறிக்கொண்டன. மற்ற முப்பத்தொன்பதையும் முதலிலிருந்து சரிபார்த்து, பதினொன்று பத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

சுண்டல் வாங்க வந்திருந்த ஜுவேரியா, அங்கே இப்போது மணி என்ன என்று விசாரித்தாள். புதன்கிழமை ராத்திரி பதினொன்று நாற்பது என்றேன்.

அவள் முகம் மாறியது. “அங்க இன்னும் பூஜ முடியலயே, தாத்தா. அந்த டீச்சர் எப்டிப் படிப்பாங்க?”

அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் பதில் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, புவெப்லாவின் பேராசிரியை தூங்கிவிட்டார். அவர் பதில் எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது: இப்போதுதான் விடிந்தது, காபியோடு உட்கார்ந்து நாற்பது பக்கமும் படித்தேன், தேர்ச்சி.