பட்டி வைத்த கோடு

கதவுக்கும் பானெட்டுக்கும் எவன் வேண்டுமானாலும் பெயிண்ட் அடிப்பான். யாரும் குனிந்து பார்க்காத அடிப்பாகத்தையும் முகம் தெரிகிற மாதிரி அடிக்கிறவன் கரையான்சாவடியில் கோதண்டம் ஒருவன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

உலகநாதன் தன் வாடகை அம்பாசடரை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டும் முன் அவனிடம்தான் கொண்டுவந்து விட்டார். முன்சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகளில் போன வருஷம் எவனோ அடித்த கறுப்பு, ஒரே மழையில் உரிந்து துருவேறிக் கிடந்தது.

"தாரு பூசிடேன், ஒரே நாள்ல வேல முடிஞ்சிடும்" என்றார்.

"தாருக்குள்ள தண்ணி பூந்துச்சுனா வெளிய வராது அண்ணாத்தே. உள்ளாற இரும்ப துன்னுகினே இருக்கும்."

"அப்ப எனாமல்?"

"ஒரு கல்லு தெறிச்சா சில்லு சில்லா பூடும். அம்பத்தூர் எஸ்டேட்ல எபாக்ஸின்னு ஒரு பெயிண்டு கீது. ரெண்டு டப்பாவ கலந்து அடிக்கணும். காஞ்சிச்சுனா சுத்தியால அடிச்சாலும் உரியாது."

சொன்னபடியே செய்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தபோது வலது பக்க இரும்புக் கையில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பெயிண்டர் கண்ணுக்குக் கோடு என்றால் பட்டிக் கலவை வைத்து அடைக்க வேண்டிய இடம், அவ்வளவுதான். தகட்டால் ஒரு இழுப்பு இழுத்து மூடினான், உப்புத்தாள் போட்டான், மேலே எபாக்ஸி அடித்தான். கோடு போன இடம் தெரியவில்லை. எஃப்.சி.யும் கிடைத்தது.

ஆடி வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வண்டி அவன் ஷெட் வாசலில் நின்று ஆரன் அடித்தது. உலகநாதன், அவர் மனைவி பார்வதம், பின் சீட்டில் ஏழு மாத வயிற்றோடு மகள் தாட்சாயிணி. பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் கிளம்பியிருந்தார்கள். கோதண்டம் பெருமையாகக் கையாட்டி அனுப்பிவிட்டு, கையிலிருந்த வேறொரு காரின் வேலைக்குத் திரும்பினான். அதன் முன்சக்கர இரும்புக் கையிலும் ஒரு கோடு. பட்டியை எடுத்தான்.

பக்கத்து ஷெட் மெக்கானிக் முனியன் ஸ்பேனர் கேட்டு வந்தவன், குனிந்து பார்த்தான்.

"இன்னாடா பண்ற?"

"கோடு கீது மாமே. மூடறேன்."

முனியன் பட்டியை விரலால் வழித்தெறிந்தான். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தான். சற்று நேரத்தில் துடைத்த இடத்திலிருந்தே எண்ணெய் மெல்லக் கசிந்து, கோடு ஈரமாக எழுந்து வந்தது.

"கோடில்லடா, விரிசல். இது ஒடஞ்சா சக்கரம் மடங்கிக்கும், வண்டி கவுந்துடும். இதப் போயி மூடறியே, உனுக்கு அறிவு கீதா?"

உலகநாதன் வண்டியிலும் இதே இடத்தில்தான் கோடு. கோதண்டம் முனியனின் டி.வி.எஸ். ஐம்பதைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆவடி ரோடு நெடுக அவன் கண் தேடியது காரை அல்ல, கூட்டத்தை. பருத்திப்பட்டில் நாலு பேர் ரோட்டோரம் குனிந்து நின்றார்கள். பிரேக் போட்டு எட்டிப் பார்த்தான். கவிழ்ந்திருந்தது கரும்புச்சாறு வண்டி. அடக் கடவுளே என்று அழுதுகொண்டே ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். ஏழு மாசம், ஏழு மாசம் என்று மனசு வேறெதையும் நினைக்கவே மறுத்தது.

அண்ணனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில்வே பணிமனைக்குப் போகிற ரயில் ஒன்று முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த அம்பாசடர் வரிசையில் முதலாவதாக, முழுசாக, நின்றது.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! அடியில விரிசல் கீது. நான்தான் தெரியாம பட்டி வெச்சு மூடிட்டேன்."

உலகநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சிகினு வந்துட்டியா? எஃப்.சி. ஆன வண்டிடா இது."

கோதண்டம் வண்டிக்கடியில் புகுந்தான். சாவியால் சுரண்டினான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். கல்லெடுத்து இடித்தான். அவன் தேடித் தேடிப் பிடித்த பெயிண்ட் ஒரு பொட்டுக்கூட உரியவில்லை. அப்போது இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது: ஒருவேளை அது வெறும் கீறல்தானோ? பின்னால் லாரிகள் ஆரன் அடிக்கத் தொடங்கின. கேட் திறந்தது.

"வெளிய வாடா, ஏத்திடுவேன்!" என்று கத்தினார் உலகநாதன்.

"ஏத்து அண்ணாத்தே. நான் வர மாட்டேன்."

முதலில் இறங்கியது தாட்சாயிணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு பயமா கீதுப்பா" என்றாள். பார்வதமும் இறங்கினாள். லாரிக்காரர்கள் கோதண்டத்தைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, வண்டியை ஓரங்கட்டத் தள்ளினார்கள். உலகநாதனும் இறங்கி, வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வலது சக்கரம் தார்ரோட்டு விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கியது. ஒரு சாண் பள்ளம்கூட இல்லை. படீரென்று ஒரு சத்தம். சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி மூக்குக் குப்புற உட்கார்ந்தது.

பார்வதம் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உலகநாதன் நேராக வந்து கோதண்டத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"எம் பொண்ணுடா" என்றார். "எம் பொண்ணு."

கோதண்டம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி ஒரு சைக்கிளின் பின்னால் புத்தகப்பை தொங்கப் போகிற பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன உடு அண்ணாத்தே. அப்புறமா வந்து அடிபடறேன். இஸ்கோல் உடற நேரம்."

"இன்னாடா சொல்ற?"

"ஆவடி கோட்டர்ஸ் புள்ளைங்கள ஏத்திகினு போற லட்சுமணன் வேனு. அதுக்கும் நான்தான் அடில பெயிண்ட் அடிச்சேன். அதுல கோடு இருந்துச்சா, பட்டி வெச்சனா, இன்னான்னு எனுக்கு ஞாபகமே இல்ல."

உலகநாதன் கையை எடுத்துவிட்டார்.