நூற்றுப் பதினாறு டைல்ஸ்

மதியச் சாப்பாடு முடிந்ததும் வரும் கணக்கு வகுப்பு என்றால் டீச்சருக்கே கண்ணைச் சொக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். மூன்று நாளாகப் பரப்பளவு நடத்துகிறார். தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். அத்தனை கண்களும் வராந்தாவில்தான் கிடந்தன. அங்கே கொத்தனார் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். எந்நேரமும் வெளியே பார்ப்பதால் ‘ஜன்னல்’ என்றே பெயர் வாங்கியிருந்த பெண் இன்று எழுந்தே நின்றுவிட்டாள்.

டீச்சர் கதவை இழுத்துச் சாத்தப் போனார். கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார்.

“சத்தமா இருக்கா டீச்சர்? எல்லாம் கொண்டுவந்தாச்சு, சீக்கிரம் முடிச்சிடுவேன். நூத்திப் பத்து டைல்ஸ்.”

“போதுமாண்ணே?”

“கண்ணால பாத்தே சொல்லுவேன். தாராளமா போதும்.”

டீச்சருக்கு என்ன தோன்றியதோ, சாத்தப் போன கதவை அகலத் திறந்தார். “எல்லாரும் வெளிய வாங்க. அண்ணன் சொல்றது சரியான்னு பாத்துடுவோம்.”

வகுப்பே திமுதிமுவென்று வெளியே பாய்ந்தது. அளவு நாடாவுக்கு அடிதடி. சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியை, “என்ன கூத்து இது?” என்று வாயெடுப்பதற்குள் ஒரு வாண்டு நாடாவின் நுனியை அவர் கையில் திணித்தான்.

“ஆடாம பிடிங்க மிஸ்!”

பிடித்தார்.

நீளம் பதினெட்டு மீட்டர், அகலம் இரண்டு மீட்டர் நாற்பது. டைல் ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர் சதுரம். “முப்பது வரிசை, வரிசைக்கு நாலு. நூத்தி இருபது!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். டீச்சரும் அதேதான் போட்டிருந்தார்.

“இல்ல மிஸ், நூத்திப் பதினாறு.” சொன்னது ஜன்னல். “படிக்கட்டுக்கு முன்னால இருக்கிற கருங்கல்லை அண்ணன் பெயர்க்கல. அது சரியா ஒரு வரிசை இடம். நான் மூணு நாளா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!”

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டார். தலையைச் சொறிந்தார். “பாப்பா சொல்றதுதான் சரி. எனக்கு ஆறு குறையுது.”

கைதட்டலில் மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. டீச்சருக்குத் தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“நாளைக்குத் தொட்டிக்கு மூடி செய்யணும். வட்ட மூடி. வர்றீங்களா?” என்றார் கொத்தனார்.

“வர்றோம்!”

வட்டம் இன்னும் இரண்டு பாடம் தள்ளி இருந்தது. டீச்சர் அங்கேயே நின்றபடி புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தின் முனையை மடித்துவைத்தார்.